தூக்குமேடையை ஏன் ஒளித்தார்கள்?

ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ கொடூரமாகக் கொல்லப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், டீக்கடையிலிருந்து சட்டமன்றம் வரை ஒரே கோரிக்கை எழுகிறது: செய்தவனை நடுரோட்டில், ஊரே பார்க்கத் தூக்கில் போட வேண்டும். மனித உரிமை பேசுகிறவர்கள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். தூக்கு தண்டனையை ஆதரிக்கும் சட்ட வல்லுநர்களோ, தண்டனை இருக்கட்டும், ஆனால் அது சிறைக்குள், விதிமுறைப்படி, யார் கண்ணிலும் படாமல் நடக்கட்டும் என்கிறார்கள். இந்த மூன்று தரப்பில் நடுரோட்டுக்காரரின் பேச்சில்தான் முன்னும் பின்னும் முரணில்லாத தர்க்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தூக்கு என்பது மற்றவர்களுக்கு அச்சத்தை உண்டாக்குவதற்காக என்றால், அதை மற்றவர்கள் பார்த்தாக வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில், நான்கு சுவர்களுக்குள் நடப்பதைக் கண்டு யார் அஞ்சுவார்? அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பும் கேள்வி சரியானது. அந்தக் கேள்விக்குப் பல நாடுகளின் வரலாற்றில் விடை இருக்கிறது. அந்த விடையோ நடுரோட்டுத் தூக்கோடு சேர்த்துச் சிறைக்குள் நடக்கும் தூக்கையும் சாய்த்துவிடுகிறது.

நமது தண்டனைச் சட்டம் பிறந்த இங்கிலாந்திலிருந்தே தொடங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்க முடிந்தது. பிக்பாக்கெட்டும் கடைத் திருட்டும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் தூக்கு நடக்கும் நாள் திருவிழா நாள். தூக்கைப் பார்க்க மேடை கட்டி வாடகைக்கு விட்டார்கள், சாராயம் ஓடியது, சாகப்போகிறவனின் வாழ்க்கைக் கதையை அச்சடித்துக் கூவி விற்றார்கள். பிக்பாக்கெட்டுக்காரனைத் தூக்கிலிடும் கூட்டத்திலேயே பிக்பாக்கெட்டுகள் தொழில் நடத்தினார்கள் என்பது அன்றைய லண்டனில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1783-இல் தூக்குமேடை டைபர்னிலிருந்து நியூகேட் சிறையின் வாசலுக்கு இடம்பெயர்ந்தது, கூட்டம் மாறவில்லை. 1807-இல் அங்கே மூவரைத் தூக்கிலிட்டபோது ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ முப்பது பேர் மிதிபட்டுச் செத்தார்கள். பாடம் படிக்க வந்தவர்களில் இத்தனை பேர் செத்ததைக் கண்டும் அரசு வழக்கத்தை நிறுத்தவில்லை. 1849 நவம்பரில் மேனிங் தம்பதியர் தூக்கிலிடப்பட்டதைப் பார்க்கப் போன சார்லஸ் டிக்கன்ஸ், தூக்கைவிடக் கூட்டத்தைக் கண்டுதான் நடுங்கிப்போனார். கொலையைவிட, தூக்கைவிட, அங்கே திரண்டிருந்தவர்களின் கும்மாளம்தான் தன்னைப் பாதித்தது என்ற பொருளில் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் அவர் கேட்டது தூக்கை ஒழிக்க வேண்டும் என்பதை அல்ல. மறைக்க வேண்டும் என்பதை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மரண தண்டனையையே எதிர்த்தவர், இப்போது அதைச் சிறைக்குள் கொண்டுபோனால் போதும் என்ற இடத்துக்கு வந்திருந்தார். இங்கிலாந்தும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்தது. 1864-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் இரண்டு ஆண்டுகள் சாட்சியம் கேட்டுவிட்டு, தூக்கைச் சிறைச் சுவருக்குள் நடத்தலாம் என்றது. 1868 மே 26 அன்று மைக்கேல் பாரெட் என்ற அயர்லாந்துப் போராளி நியூகேட் வாசலில் தூக்கிலிடப்பட்டார். மூன்று நாளில் புதிய சட்டம் வந்துவிட்டது. பொது இடத்தில் நடந்த கடைசித் தூக்கு பாரெட்டுடையதுதான். அந்த மசோதா விவாதத்தின்போது, தூக்கையே ஒழிக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், சுதந்திரத்தின் தத்துவ ஆசானாக உலகம் கொண்டாடும் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆயுள் முழுக்கக் கடும் உழைப்போடு சிறையில் கிடப்பது உண்மையில் அதிகக் கொடுமை, ஆனால் பார்வைக்கு அப்படித் தோன்றாது. தூக்கோ உண்மையில் குறைந்த துன்பம் தந்து, கற்பனையில் பெரும் அச்சத்தை எழுப்புகிறது. அதனால் அதுவே சிறந்த தண்டனை என்பது அவர் வாதம். கூர்மையான வாதம்தான். ஆனால் தூக்கை மக்கள் கண்ணிலிருந்து எடுத்துவிடும் மசோதாவின் மீதான விவாதத்தில், தூக்கு மக்கள் மனத்தில் பதிக்கும் அச்சத்தைப் புகழ்ந்து பேசியிருக்கிறார் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறைத்ததால் மரண தண்டனை பிழைத்துக்கொண்டது. சிறைச் சுவர் எழுந்த பிறகு பிரிட்டனில் தூக்குக் கயிறு மேலும் 96 ஆண்டுகள் தொங்கியது. கடைசித் தூக்கு 1964 ஆகஸ்டில்தான். பிரான்சில் 1939 ஜூன் 17 அன்று வெர்சாய் நகரச் சிறை வாசலில் ஓய்கன் வைட்மன் என்பவரின் தலை கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. நிகழ்ச்சி தாமதமாகி வெளிச்சம் வந்துவிட்டதால் புகைப்படங்களும் திரைப்படமும் எடுக்கப்பட்டன. கூட்டத்தின் நடத்தையும் படங்களும் அரசைச் சங்கடப்படுத்த, அந்த மாதத்துக்குள்ளேயே இனிச் சிறைக்குள்தான் என்று ஆணை வந்தது. கில்லட்டின் அதன் பிறகு 38 ஆண்டுகள் வேலை செய்தது. அமெரிக்காவில் நடந்த கடைசிப் பொதுத் தூக்கின் பின்னணி இன்னும் வெளிப்படையானது. 1936-இல் கென்டக்கி மாநிலத்தில் ரெய்னி பெதியா என்ற கறுப்பின இளைஞர் ஒரு மூதாட்டியைப் பலாத்காரம் செய்து கொன்றதாகப் பிடிபட்டார். அந்த மாநிலச் சட்டப்படி கொலைக்கு என்றால் சிறைக்குள் மின்சார நாற்காலி; பலாத்காரத்துக்கு என்றால் அந்த ஊரிலேயே பொது இடத்தில் தூக்கு. அரசுத் தரப்பு கொலைக் குற்றச்சாட்டை விட்டுவிட்டுப் பலாத்கார வழக்கை மட்டும் நடத்தியது. ஓவன்ஸ்பரோ நகரில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திரண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் கென்டக்கி அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. மூன்று நாடுகளிலும் நடந்தது ஒன்றே: அரசு வெட்கப்பட்டது தன் செயலுக்காக அல்ல, அதைப் பார்த்தவர்களுக்காக.

பார்த்தவர்கள் ஏன் எதிர்பார்த்தபடி அஞ்சவில்லை? தூக்குமேடை என்ன பொருள் தரும் என்பதை அரசு தீர்மானிக்க முடியாது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் இதற்கு நமக்குத் தெரிந்த சான்று கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கும்பினிப் படையின் மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார். எச்சரிக்கை யாருக்கு என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. பதினாறு மாதங்களில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது. 1801-இல் சிவகங்கை, திண்டுக்கல் வரை கிளர்ச்சி பரவி, மருது சகோதரர்களையும் கும்பினி தூக்கிலிட வேண்டியதாயிற்று. அச்சுறுத்த வைத்த மரத்தடி வணங்கத்தக்க இடமானது. அரசியல் போராட்டத்தையும் சாதாரணக் கொலையையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கலாம், கேள்வி நியாயமானது. நான் ஒன்றாக்கவில்லை. கொலைகாரன் விஷயத்திலும் கூட்டம் பார்ப்பதை அரசு கட்டுப்படுத்த முடிவதில்லை என்பது மட்டும்தான் என் கருத்து. லண்டன் கூட்டம், கடைசி நிமிடத்தில் தைரியமாக நின்ற திருடனுக்குக் கைதட்டியது. கெஞ்சியவனை ஏளனம் செய்தது. சட்டம் சொல்ல வந்த செய்தி அங்கே எவர் காதிலும் விழவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957-இல் கில்லட்டின் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முரணைத்தான் பிடித்தார்: அச்சுறுத்தல் உண்மையானால் ஏன் ஒளிக்கிறீர்கள்? ஒளித்த பிறகு அச்சுறுத்தல் எஞ்சியிருக்கிறதா என்பதைச் சோதிக்கவும் நம் பக்கத்திலேயே ஒரு வாய்ப்பு கிடைத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஏறக்குறைய முழுமையாக நீக்கியது. இந்தியச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததும் தூக்கு திரும்பியது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கே 962 கொலைகள். தூக்கு இருந்த 1950 முதல் 1955 வரை 967. இந்த எண்களை வைத்து எதையும் முடிவாக நிறுவிவிட முடியாது. மக்கள்தொகை மாறியிருக்கும், காலமும் மாறியிருக்கும். ஆனால் தூக்கை எடுத்தால் ஊர் சுடுகாடாகும் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. கனடா 1976-இல் தூக்கை ஒழித்த பிறகு அங்கே கொலை விகிதம் கூடவில்லை, குறைந்தது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012-இல், முப்பது ஆண்டு ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று சொல்ல அவை எவையும் உதவாது என்றது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான நமது சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் தந்த 262-ஆவது அறிக்கை, ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு அதிகமாக அச்சுறுத்துகிறது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறியது. கொலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் கோபத்திலோ போதையிலோ, பிடிபடமாட்டோம் என்ற நம்பிக்கையிலோ செய்கிறார்கள். பிடிபடும் வாய்ப்பு அவர்களைத் தடுக்கும். பிடிபட்ட பிறகு பதினைந்து ஆண்டு கழித்து நடக்கக்கூடிய ஒன்று தடுக்காது.

நமது நாட்டிலும் இந்த முரண் அப்படியே இருக்கிறது. 1985-இல் ஒரு வரதட்சணைக் கொலை வழக்கில், குற்றவாளியை ஜெய்ப்பூர் மைதானத்தில் மக்கள் முன்னிலையில், முன்கூட்டி விளம்பரம் செய்து தூக்கிலிட வேண்டும் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. குற்றம் எவ்வளவு காட்டுமிராண்டித்தனமானதாக இருந்தாலும் தண்டனையும் அப்படி இருக்கக் கூடாது, பொதுத் தூக்கு அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பின் அரசு எந்த அளவுக்கு மறைப்பில் இறங்கியது என்று பாருங்கள். 2012 நவம்பர் 21 அன்று மும்பைத் தாக்குதல் குற்றவாளி அஜ்மல் கசாபை எரவாடா சிறையில் தூக்கிலிட்ட பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. 2013 பிப்ரவரி 9 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற அப்சல் குருவைத் திகார் சிறையில் தூக்கிலிட்டார்கள். குடும்பத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய தகவல், எல்லாம் முடிந்து உடலையும் புதைத்த பிறகு காஷ்மீர் போய்ச் சேர்ந்தது. 2014 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் தெரிவித்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று விதி வகுத்தது. உலகுக்கே பாடம் என்று சொல்லிச் செய்வதை, செய்து முடிக்கும் வரை பாடம் கேட்க வேண்டியவர்களிடமிருந்து மறைப்பது என்ன கணக்கு?

அச்சுறுத்தல் வாதம் விழுந்தாலும் தூக்கு விழுந்துவிடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடுதான் உண்மையான விவாதம். தண்டனை என்பது எதிர்காலத்தில் யாரையோ தடுப்பதற்காக அல்ல, செய்ததற்கு உரியதைக் கொடுப்பதற்காக என்பது அவர்கள் நிலை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இதை எல்லைக்கே கொண்டுபோனார்: ஒரு தீவின் மக்கள் தங்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்துபோக முடிவு செய்தாலும், போவதற்கு முன் சிறையில் இருக்கும் கடைசிக் கொலையாளியைத் தூக்கிலிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கொல்லப்பட்டவரின் உயிருக்கு உரிய மதிப்பைச் சமூகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற அந்த உணர்வை நான் மதிக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தூக்கு கேட்கும்போது அவளுக்கு எவரும் உபதேசம் செய்யக் கூடாது. ஆனால் உரியதைக் கொடுப்பது என்றால் இரண்டு விஷயங்கள் பிசகாமல் தெரிந்தாக வேண்டும்: செய்தவன் இவன்தான் என்பது, செய்தவர்களிலும் சாக வேண்டியவன் இவன், மற்றவன் அல்ல என்பது. நமது நீதிமன்றங்களின் பதிவேடுகளே இரண்டும் நமக்குத் தெரிவதில்லை என்று காட்டுகின்றன.

மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் மீதான கொலை, கூட்டு வன்புணர்வு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேருக்கும் தூக்கு என்று முடிவு செய்தது; அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த ஆயுள் தண்டனையையும் தூக்காக உயர்த்தியது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், அதே வழக்கில், ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. புலன் விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று கண்டித்து, ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இடையில் இருந்த பத்து ஆண்டுகளில் யாராவது ஒரு அதிகாரி சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அந்த இழப்பீட்டை வாங்க ஆள் இருந்திருக்காது. இவர்கள் தப்பினார்கள், தப்பாதவர்களும் உண்டு. 1996-இல் ஒருவர், 1997-இல் ஒருவர், இருவருமே ராஜஸ்தானில் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்கத் தேவையில்லை, குற்றத்தைப் பார்த்தால் போதும் என்று முதலாமவர் வழக்கில் சொல்லப்பட்ட தீர்ப்பு, அரசியல் சாசன அமர்வின் முந்தைய தீர்ப்புக்கு முரணாக, சட்டத்தைக் கவனிக்காமல் வழங்கப்பட்டது என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் இதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். அந்த இருவருக்கு இழப்பீடு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் எண்களை மட்டும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் ஒருவர் விடாமல் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது; மூவருக்கு ஆயுள்; நால்வருக்குத் தூக்கு. அந்த நால்வரில் ஒருவரின் தண்டனை பிறகு ஆயுளாகக் குறைந்தது. எஞ்சிய மூவருக்கு 2011 செப்டம்பர் 9 என்று தூக்கு நாளும் குறிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தடையால் நின்றது. 2013-இல், அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே அதை முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022-க்குள் எல்லோரும் விடுதலை. அந்தக் கொலையை எவ்வளவு வெறுத்தாலும், இதில் யாருடைய பாவ புண்ணியத்தைப் பற்றி என்ன கருத்து கொண்டாலும், 26 தூக்குகளில் ஒன்றுகூட நிலைக்காத ஒரு நடைமுறையை உயிர் எடுக்கும் கருவியாக நம்பலாமா என்பதுதான் கேள்வி. இது விதிவிலக்கும் அல்ல. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் மேல்முறையீட்டில் நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. அதே ஆய்வின்படி தூக்குக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வக்கீல் வைக்க முடியாதவன் தலையில்தான் கயிறு விழுகிறது என்றால், அதை நீதி என்பதா, வசதி இல்லாததற்கு அபராதம் என்பதா?

ஐயமே இல்லாத வழக்குகள் இருக்கின்றனவே, துப்பாக்கியோடு கேமராவில் பதிவான கசாபை என்ன செய்வது என்று கேட்பார்கள். கசாப் விஷயத்தில் ஆள் யார் என்பதில் ஐயமில்லைதான். ஆனால் சட்டத்தை ஒரு கசாபுக்காக மட்டும் எழுத முடியாது. ஐயமற்ற, மிகக் கொடிய வழக்குகளுக்கு மட்டும் தூக்கு என்று வேலி போடும் முயற்சி 1980-இலேயே நடந்தது. பச்சன் சிங் வழக்கின் ‘அரிதினும் அரிதான’ என்ற அளவுகோல் அதுதான். அந்த அளவுகோலை நீதிபதிக்கு நீதிபதி வேறுவிதமாகப் பிடிக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லிவிட்டது. அன்று தனித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பகவதி அஞ்சியதும் இதைத்தான். தூக்கு இல்லையென்றால் பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவான் என்ற பயமும் இப்போது அடிப்படையற்றது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் 25, 30 ஆண்டுகளோ வாழ்நாள் முழுவதுமோ சிறையில் வைக்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

வழக்குகள் இழுத்தடிக்கப்படுவதுதான் மக்களின் கோபத்துக்கு வேர் என்பதை மறுக்க முடியாது. அந்தக் கோபம் எங்கே போய் நிற்கும் என்பதை 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பார்த்தோம். கால்நடை மருத்துவரான இளம்பெண்ணின் கொலையில் கைதான நால்வரைப் போலீசார் விடியற்காலையில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் பாலத்தின் மேல் நின்று போலீசார் மீது பூ தூவினார்கள். நாடெங்கும் இனிப்பு வழங்கினார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. கூட்டம் மட்டும் டைபர்ன் கூட்டத்துக்குக் குறைவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டறிந்தது. நடுரோட்டு நீதியின் உண்மையான முகம் இது. இதற்குப் பதில் விரைவான, திறமையான புலன் விசாரணையும் போதிய நீதிபதிகளும் தடயவியல் ஆய்வகங்களும்தான். அவற்றுக்குப் பணம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். தூக்கு தண்டனைக்கு ஒரு மசோதா போதும்.

மசோதாக்களுக்குக் குறைவில்லை. 2018-இல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியரை வன்புணர்வு செய்தால் தூக்கு. 2019-இல் போக்சோ சட்டத்திலும் தூக்கு. 2024 செப்டம்பரில் கொல்கத்தா மருத்துவரின் கொலையைத் தொடர்ந்து மேற்கு வங்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய அபராஜிதா மசோதாவிலும் தூக்கு. உயிரோடு விட்டாலும் கொன்றாலும் தண்டனை ஒன்றே என்றால், ஒரே சாட்சியான அந்தக் குழந்தையை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கும் என்று குழந்தை உரிமை அமைப்புகள் 2018-இலேயே கேட்டன. பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் ஆகியவை தவிர்த்த மற்றக் குற்றங்களுக்குத் தூக்கை நீக்கலாம் என்ற சட்ட ஆணையத்தின் பரிந்துரை வந்து பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் பிறகு தூக்குக்குரிய குற்றங்களின் பட்டியல் நீண்டதே தவிர, அந்த அறிக்கையின் மீது நாடாளுமன்றம் ஒரு முழு நாள் விவாதம்கூட நடத்தவில்லை.